ஓய்வுக்கு எத்தனை பெயர்!

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசளிப்பு விழா என்றால் உழைப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். "நன்றாகப் படியுங்கள், முயன்றால் முடியாதது இல்லை" என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம். நானும் முன்பு அப்படித்தான் பேசியிருக்கிறேன். இவ்வாண்டு ஓய்வைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "என்னடா இது, வாத்தியார் பிள்ளைகளத் தூங்கச் சொல்ல வந்துட்டாரா?" என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஓய்வு என்ற பொருள் தரும் சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். ஐந்தாறு சொல் வரும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நோட்டுப் புத்தகங்களைத் திறந்தால் வியப்பாகிவிட்டது. இளைப்பாறுதல், களைப்பாறுதல், கண்ணயர்தல், தலை சாய்த்தல், காலை நீட்டுதல், கோழித்தூக்கம், குட்டித் தூக்கம் என்று பக்கம் நிறைந்திருந்தது. ஒரு பையன் தன் தாத்தா சொன்னதை அப்படியே எழுதி வந்திருந்தான்: "செத்த நேரம் கட்டையைச் சாய்ச்சிட்டு வர்றேன்." கட்டை என்றால் என்ன என்று கேட்டேன். "தாத்தாவோட உடம்பு சார்" என்றான். வகுப்பே சிரித்தது.

ஒரு மாணவியின் நோட்டில் மட்டும் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அந்த வரியைக் கடைசியில் சொல்கிறேன். உண்மையில் அந்த வரிக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் நம் சொற்களைப் பார்ப்போம். தமிழில் 'ஆறு' என்று ஒரு சிறிய வினைச்சொல் இருக்கிறது. கொதிக்கிற தேத்தண்ணி ஆறுகிறது. பட்ட புண் ஆறுகிறது. கோபம் கொண்ட மனம் ஆறுகிறது. களைத்த உடல் களைப்பாறுகிறது. இளைத்த உயிர் இளைப்பாறுகிறது. துக்க வீட்டுக்குப் போனால் ஆறுதல் சொல்கிறோம். அவசரப்படுகிறவனை "ஆற அமர யோசிச்சுச் செய்யப்பா" என்கிறோம். சூடு தணிவதற்கும், காயம் குணமாவதற்கும், உடல் ஓய்வதற்கும் ஒரே சொல்லை வைத்தார்கள் நம் முன்னோர். களைப்பு என்பதும் ஒரு காயம்தான், அதை ஆறவிட வேண்டும் என்று இச்சொல் நமக்குச் சொல்லாமல் சொல்கிறது. இலங்கைத் தமிழர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்று எழுதுவார்கள். எவ்வளவு கண்ணியமான பேச்சு பாருங்கள்!

இதே குடும்பத்துச் சொல்தான் 'பசியாறுதல்'. இந்நாட்டுத் தமிழராகிய நாம் காலையில் ஒருவரைக் கண்டால் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்கிறோம். 'டிபன்' என்று சொல்லிப் பழகிய தமிழ்நாட்டு அன்பர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், நிரையில் நுழைந்து, மரம் மரமாகச் சீவ வேண்டும். சீவி முடித்ததும் பால் உடனே மங்கில் நிறைந்துவிடுவதில்லை. சொட்டுச் சொட்டாக வடிந்து நிற்க நேரமாகும். அந்த இடைவெளியில்தான் மரத்தடியில் உட்கார்ந்து, தூக்குச் சட்டியைத் திறந்து பசியாறுவார்கள். முதலாளி இரக்கப்பட்டுக் கொடுத்த ஓய்வு அன்று அது. மரம் கொடுத்த ஓய்வு! என் தந்தையாரும் பால்மரம் சீவியவர்தான். "அந்த ஒரு மணி நேரம் மட்டுந்தான்டா நமக்குன்னு இருந்துச்சு" என்று இன்றும் சொல்லுவார்.

இன்னொரு சொல் 'அக்கடா'. "அக்கடான்னு ஒரு நாள் உட்கார முடியுதா?" என்று கேட்காத வீடு உண்டா? தலைச்சுமையைக் கீழே இறக்கும்போது வாயிலிருந்து தானாக வருகிற ஓசை போலவே இருக்கிறது. அக்காலத்தில் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்திருப்பார்கள். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். ஆள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், பிறர் உதவி இல்லாமலே சுமையை அதன்மேல் இறக்கி வைத்து, சற்று நின்று, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இக்கல்லை நடுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கராவது இறக்கி வைக்கட்டும் என்று நினைத்தார்கள். இந்தக் கல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி இதற்கு வருவேன்.

நிற்க. நம் அண்டை அயலார் என்ன சொல்கிறார்கள்?

நம் மலாக்கா டவுனில் சீனர் கடை மூடியிருக்கும் நாளில் கதவில் இரண்டு எழுத்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். 'சியூ சீ' என்று வாசிப்பார்கள். ஓய்வு என்று பொருள். அந்த முதல் எழுத்து எப்படி அமைந்தது தெரியுமா? இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம். மனிதன் மரத்தில் சாய்ந்து நின்றால் அது ஓய்வு! எனக்குச் சீனம் தெரியாது. நண்பர் ஒருவர் காகிதத்தில் எழுதிக் காட்டியபோது சற்று நேரம் பேச்சே வரவில்லை. ஏனென்றால் நம் வீடுகளில் மனிதனும் மரமும் பக்கத்தில் நின்றால் அதற்குப் பெயர் வேலை. ஒரே படம். அவர்களுக்கு ஓய்வு, நமக்கு உழைப்பு.

மலாய்க்காரர்கள் ஓய்வை 'ரேஹாட்' என்கிறார்கள். இது அரபு மொழியிலிருந்து வந்த சொல். பள்ளியில் இடைவேளை மணி அடித்ததும் நம் பிள்ளைகள் வாயிலும் இதுதான் வருகிறது. உல்லாசமாக ஊர் சுற்றி வருவதை மலாய்க்காரர்கள் 'மாக்கான் அங்கின்' என்பார்கள். காற்றைச் சாப்பிடுவது என்பது அதன் நேர்ப்பொருள். தமிழர்களாகிய நாம் காற்றைச் சாப்பிடுவதில்லை. கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குகிறோம்! 1641 முதல் மலாக்காவை ஆண்ட டச்சுக்காரர்களின் மொழியிலும் இப்படி ஒரு சொல் உண்டு. காற்று வீசும் இடத்தில் நடந்து மனத்தை லேசாக்கிக்கொள்வதை 'ஓயிட்வாயென்' என்பார்கள். ஒருவர் தின்கிறார், ஒருவர் வாங்குகிறார், ஒருவர் காற்றிலே நடக்கிறார். கிளேபாங் கடற்கரையில் வீசுகிற காற்று மூவருக்கும் ஒன்றுதான். காசும் கிடையாது.

நாள்களின் பெயரிலும் ஓய்வு ஒளிந்திருக்கிறது. மலாயில் சனிக்கிழமைக்கு 'சப்து' என்று பெயர். அரபிலிருந்து வந்தது. யூதர்கள் வேலையை நிறுத்தி ஓய்ந்திருக்கும் 'ஷபாத்' நாளின் பெயரோடு தொடர்புடையது. வாரத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வழங்கும் 'மிங்கு' என்ற சொல், போர்த்துகீசிய மொழியின் 'டொமிங்கோ' என்பதன் திரிபு. ஆண்டவருக்குரிய நாள் என்று பொருள். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்து வாசல் மட்டும் மிஞ்சியது. அவர்கள் விட்டுச் சென்ற ஓய்வு நாளின் பெயரோ இன்னும் நாள்காட்டியில் தொங்குகிறது.

தூரத்து நாடுகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவோம். ஸ்பெயின் நாட்டில் நண்பகல் தூக்கத்துக்கு 'சியெஸ்தா' என்று பெயர். சூரியன் உதித்ததிலிருந்து ஆறாவது மணி என்பது அதன் மூலப்பொருள். அதாவது உச்சிவேளை. "உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு" என்று நம்மவர்கள் சொன்னதும் இதைத்தானே! ஜெர்மானியர், வேலை முடிந்த மாலை நேரத்தை 'ஃபையர்ஆபெண்ட்' என்பார்கள். திருவிழா மாலை என்று சொல்லலாம். வேலை முடிகிற ஒவ்வொரு மாலையும் அவர்களுக்குத் திருவிழாவாம்! சுவீடன் நாட்டவர் வேலைக்கு நடுவே கூடி உட்கார்ந்து காப்பி குடித்துப் பேசுவதை 'ஃபீகா' என்கிறார்கள். காப்பிக்கு அவர்கள் வைத்திருந்த 'கஃபி' என்ற பழைய பெயரைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு உண்டாக்கிய சொல் அது. அரபு மக்கள் இரவில் கூடி உட்கார்ந்து கதை பேசுவதை 'ஸமர்' என்பார்கள். லயத்து வாசலில் பாய் விரித்துப் பேசிய நம் தாத்தா பாட்டிமார்களுக்கு இந்தச் சொல் தெரியாது. ஆனால் அதன் சுகம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு கசப்பான சொல்லையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய மொழியில் 'கரோஷி' என்று ஒரு சொல் இருக்கிறது. அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவு என்று பொருள். அதைத் தடுப்பதற்கென்றே 2014இல் அந்நாட்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஓய்வுக்குரிய சொற்களை மதிக்காத இடத்தில் இப்படிப்பட்ட சொற்கள் பிறந்துவிடுகின்றன.

அன்பர்களே, இத்தனை மொழிகளிலும் இத்தனை சொல் ஏன்? ஓய்வு இல்லாமல் எந்த மக்களாலும் வாழ முடியாது என்பதால்தான். ஆனால் நம்மிடையே, பகலில் ஒருவர் கண்ணயர்ந்தால் உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறோம்: சோம்பேறி. இந்தச் சொல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார்கள். தங்கள் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் கூலிக்கு வர மறுத்த மக்களைச் சோம்பேறிகள் என்று எழுதி வைத்தார்கள். அது வெறும் கட்டுக்கதை என்று பேராசிரியர் சையட் ஹுசேன் அலாட்டாஸ் 1977இல் ஒரு நூலே எழுதி நிறுவினார். துரைமார்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சொல்லை நாம் ஏன் நம் வீட்டுப் பிள்ளைகள்மேல் வீச வேண்டும்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இந்நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் ரப்பர் பயிரிட்டது நம் மலாக்காவில்தான். 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதன்பின் வந்த தோட்டங்கள் அனுபவத்தில் ஒரு பாடம் கற்றுக்கொண்டன. ஒரே மரத்தை ஓயாமல் சீவினால் பட்டை வறண்டு, பால் நின்றுவிடும். ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவும் முறை வந்தது. மரம் இலை உதிர்க்கும் காலத்தில் சீவுவதைக் குறைப்பதும் நிறுத்துவதும் உண்டு. மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மரத்தைச் சீவிய மனிதனோ ஒரு நாள் இந்த நிரை, மறுநாள் அடுத்த நிரை என்று தினமும் போனான். போகாவிட்டால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலைக்கு ஓடினான். ஆசைக்காக ஓடவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்று ஓடினான்.

இன்று காலம் மாறியிருக்கிறது. ரப்பர் நின்ற பல இடங்களில் செம்பனை நிற்கிறது. நம்மவர்களில் பலர் டவுனுக்குப் போய்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை செய்கிறார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, பொதுவாக ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தவருக்குக் குறைந்தது 30 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. வார வேலை நேரம் 48 மணியாக இருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு, ஓய்வு ஒவ்வொரு மனிதருக்கும் உரிமை என்கிறது. உரிமை என்று சொன்னதைக் கவனியுங்கள். யாரும் போடும் பிச்சை அன்று.

மாணவச் செல்வங்களே, இனி உங்களிடம் வருகிறேன். பள்ளிக்கும் ஓய்வுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் பெயரிலேயே இருக்கிறது. மலாயில் பள்ளியைச் 'செக்கோலா' என்கிறோம், ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' என்கிறோம். இரண்டும் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அதன் பொருள் என்ன தெரியுமா? ஓய்வு நேரம்! வயிற்றுப்பாட்டு வேலையிலிருந்து விடுபட்ட நேரத்தில்தான் மனிதன் சிந்திக்கவும் கற்கவும் முடியும் என்று கிரேக்கர்கள் கருதினார்கள்.

தமிழுக்கு வாருங்கள். 'பள்ளி' என்றால் என்ன? பள்ளியறை என்றால் படுக்கையறை. பெருமாள் பள்ளிகொண்டார் என்றால் படுத்திருக்கிறார். துயிலும் இறைவனை எழுப்புவது பள்ளியெழுச்சி. அக்காலத்தில் சமண முனிவர்கள் மலைக்குகைகளில் கற்படுக்கைகளில் தங்கினார்கள். மதுரைக்கு அருகே மாங்குளத்தில் அத்தகைய படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட அங்குள்ள கல்வெட்டுகளில் பள்ளி என்னும் சொல் காணப்படுகிறது. முனிவர்கள் தங்கிய பள்ளிகளில் கல்வியும் நடந்தது. அப்படியே கற்பிக்கும் இடத்துக்கும் பள்ளி என்ற பெயர் நிலைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடிக்காமலே கிரேக்கரும் தமிழரும் ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள்! நானாக இருந்தால் இருவருக்கும் முழு மதிப்பெண் போடுவேன்.

ஆகவே பெற்றோர்களே, காலையில் பள்ளி, மதியம் கூடுதல் வகுப்பு, மாலையில் டியூசன், சனி ஞாயிறிலும் டியூசன் என்று பிள்ளையை விரட்டாதீர்கள். குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு கூறுகிறது. நம் நாடும் 1995இல் அதில் இணைந்தது. ஆனால் ஒன்று: இரவு பன்னிரண்டு மணி வரை கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பது ஓய்வாகாது. கண்ணும் ஆறாது, மனமும் ஆறாது. அது ஆறாத நேரம். அதேபோல, சம்பளக் காசைப் புட்டியில் கரைப்பதும் ஓய்வாகாது. அப்பாவுக்கு மயக்கம், அம்மாவுக்கு அழுகை, பிள்ளைக்குப் பயம். ஓய்வு என்றால் மறுநாள் எழும்போது உடம்பு லேசாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரே ஒரு சொல். 'சும்மா'. இது தமிழ் உலகுக்குக் கொடுத்த சொல். கடைகளில் இலவசம் என்பதற்கு 'பெர்ச்சுமா' என்று எழுதியிருக்கிறார்களே, அதற்குள் இருப்பது நம் சும்மாதான். சும்மா இருப்பதே பெரிய நிலை என்று சித்தர்களும் ஞானிகளும் பாடினார்கள். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் "உங்க அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டால் என்ன பதில் வருகிறது? "வீட்டுல சும்மாதான் சார் இருக்காங்க."

சும்மாவா இருக்கிறார்? இப்போது அந்த மாணவியின் நோட்டில் இருந்த வரியைச் சொல்கிறேன். ஓய்வுக்கு என்ன சொல் என்று அவள் தன் தாயிடம் கேட்டிருக்கிறாள். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வந்தாள்: "ஓய்வா? அது கெடக்கு. நீ போய்ப் படி."

அவ்வளவுதான். அந்த நோட்டில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. சிவப்பு மையைத் தொடக் கை வரவில்லை. விடியும் முன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, செம்பனைத் தோப்பிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்து, திரும்பி வந்து மறுபடி அடுப்படிக்குப் போகும் ஒரு தாயின் அகராதியில் அந்தச் சொல்லே இல்லை. தன் பங்கு ஓய்வையும் சேர்த்துத்தான் அவர் மகளிடம் கொடுத்து "போய்ப் படி" என்கிறார். இன்று இம்மேடையில் பரிசு வாங்கும் ஒவ்வொரு பிள்ளையின் பின்னாலும் இப்படி ஒருவர் ஆறாமல் நிற்கிறார். அதை நாம் மறந்துவிடலாகாது.

மாணவச் செல்வங்களே, சுமைதாங்கிக் கல்லை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பரிசை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அவர் கையில் இருக்கும் பாத்திரத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாமார்களுக்கும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளையாவது அம்மா அக்கடாவென்று உட்காரட்டும். தேத்தண்ணியை நீங்கள் கலந்து, ஆற்றி, அவர் முன்னால் வையுங்கள். அடுத்த ஆண்டு இதே வீட்டுப்பாடத்தைக் கொடுக்கப் போகிறேன். அப்போது அந்த நோட்டில் ஒரு சொல்லாவது புதிதாக ஏறியிருக்க வேண்டும்.

 அதிகம் பேசி உங்கள் ஓய்வைக் கெடுத்திருந்தால் மன்னியுங்கள். எல்லாரும் வீட்டுக்குப் போய் நன்றாக இளைப்பாறுங்கள்.